இராயபுரம் ரயில் நிலையம் சென்னையின் முதன்மை நிலையம் என்ற இடத்தை எப்படி இழந்தது?

இராயபுரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இராயபுரத்திலிருந்து போடப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையின் மறுமுனையான வாலாஜாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், நான் எங்கள் பக்கத்திலிருந்து விடை சொல்லத் தொடங்குகிறேன்.

1853 ஏப்ரலில் பம்பாய்க்கும் தானேக்கும் இடையிலும், 1854 ஆகஸ்டில் ஹௌராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையிலும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தெற்கே மதராஸ் ரயில்வே கம்பெனி 1853இல் இராயபுரத்தில் வேலையைத் தொடங்கியது. கிழக்குக் கரையை மேற்குக் கரையோடு இணைப்பதே அதன் நோக்கம். அந்த நெடும்பாதையின் முதல் பகுதியாக அரக்கோணம் வழியே ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போடப்பட்டது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின.

மறுமுனை நிலையத்துக்கு அன்று ஆற்காடு என்று பெயர். அதுதான் இன்றைய வாலாஜா ரோடு. ஆற்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் இருக்க, அதன் பெயரைத் தாங்கிய நிலையம் வடக்கே அமைந்தது. வேலூருக்கும் இதுதான் நேர்ந்தது. பாதை மேற்கே நீண்டபோது அங்கே ஆற்றைக் கடக்காமல் வடகரையில் உள்ள காட்பாடியைத் தொட்டுச் சென்றதால், இன்றும் வேலூர் மக்கள் சென்னை வண்டியைப் பிடிக்கப் பெரும்பாலும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குத்தான் போகிறார்கள்.

இந்த இடத்தில் பரவலான ஒரு பிழையைத் திருத்த விரும்புகிறேன். திறப்பு நாளன்று ஆளுநரையும் ஏறத்தாழ 300 ஐரோப்பியரையும் ஏற்றிய வண்டி ஆம்பூர் வரை சென்றதாகப் பலரும் எழுதுகிறார்கள். ஆம்பூர் வாலாஜா ரோட்டிலிருந்து மேற்கே இன்னும் 70 கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஊர். அன்று திறக்கப்பட்ட பாதையோ வாலாஜா ரோட்டோடு முடிந்துவிட்டது. தண்டவாளம் எட்டாத ஊருக்கு வண்டி போயிருக்க முடியாது. வாலாஜா ரோடு நிலையத்துக்கு அருகே, இராணிப்பேட்டையிலிருந்து சோளிங்கர் போகும் வழியில் அம்மூர் என்ற ஊர் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட அம்மூரைப் பின்னால் வந்தவர்கள் ஆம்பூர் என்று படித்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. எங்கள் பகுதிக்காரர் எவரும் இந்த இரண்டு ஊர்களையும் குழப்பிக்கொள்ள மாட்டார் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இராயபுரத்தின் வீழ்ச்சி ஒரே நாளில் நடந்ததன்று. நகரின் வடக்கே, கடலோரத்தில், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் வணிகப் பகுதியை ஒட்டி அமைந்தது அந்நிலையம். நகரம் தெற்கிலும் மேற்கிலும் விரிந்தபோது அந்த இடம் ஓர் ஓரமாகிவிட்டது. 1873இல் பார்க் டவுனில் இரண்டாவது முனையமாகச் சென்ட்ரல் கட்டப்பட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் இருந்தன. கடற்கரைப் பாதை தெற்கே நீட்டிக்கப்பட்டதால் இராயபுரம் முடிவிடம் என்ற நிலையை இழந்து வழியில் உள்ள ஒரு நிலையமாயிற்று. 1907இல் சென்ட்ரலே முதன்மை முனையமானது. மறுஆண்டில் மதராஸ் ரயில்வே, தென் மராட்டா ரயில்வேயுடன் இணைந்தது. புதிய நிறுவனத்தின் பெரிய தலைமையகமும் 1922இல் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. துறைமுகம் அருகில் இருந்ததால் சரக்குப் போக்குவரத்து மட்டும் இராயபுரத்தைக் கைவிடவில்லை.

கட்டடம் நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து, 2005இல் புதுப்பிக்கப்பட்டது. அப்போது ரயில்வே இணையமைச்சராக இருந்த அரங்க. வேலு, அந்த முதல் பாதையின் நடுவே உள்ள அரக்கோணம் தொகுதியின் மக்களவை உறுப்பினர் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறேன். பம்பாயிலும் ஹௌராவிலும் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. உயர்ந்த தூண்களோடு நிற்கும் இராயபுரமே நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம். அதைத் தூண் தூணாகப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. புதிய முனையம் கட்டுவதானாலும் பழைய கட்டடத்தைத் தொடாமல்தான் கட்ட வேண்டும்.

இராயபுரம் இன்றும் இயங்குகிறது. புறநகர் வண்டிகள் அங்கே நிற்கின்றன. சென்னைக் கடற்கரையிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் ஏறினால் அதுதான் அடுத்த நிலையம். வேலூர் கண்டோன்மென்ட்டுக்கு விடப்பட்டு, 2024இல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்ட கடற்கரை வண்டியும் இராயபுரத்தைக் கடந்துதான் வாலாஜா ரோட்டுக்கு வருகிறது. 1856ஆம் ஆண்டின் அந்த முதல் பாதை முழுவதையும் ஒரே பயணச்சீட்டில் பார்க்க விரும்பினால், அந்த வண்டியில் ஏறி அமருங்கள்.