கடற்கரையில் துருச்சிற்பம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்கு சிகாகோ போயிருந்தபோது டேலி பிளாசாவில் பிக்காசோவின் சிற்பத்தைப் பார்த்தேன். பெயின்ட்டே இல்லை, முழுக்கத் துரு. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் கம்பீரமாக நிற்கிறது. இங்கே தூத்துக்குடியில் எங்கள் சங்கத்தின் சார்பில் கடற்கரைச் சாலை ரவுண்டானாவில் ஐந்து மீட்டர் உயரத்தில் பாய்மர வடிவில் ஒரு சிற்பம் வைக்க எண்ணியிருக்கிறோம். அதே வகை எஃகான கார்ட்டன் ஸ்டீலில், 5 மி.மீ. பிளேட்டில் செய்யலாம், பெயின்ட்டும் பராமரிப்பும் தேவைப்படாது என்கிறார் பட்டறைக்காரர். உப்புத் தண்ணீரும் வினிகரும் தெளித்தால் ஒரே வாரத்தில் அந்த நிறம் வந்துவிடுமாம். துருப்பிடித்த இரும்பு எப்படி இத்தனை காலம் தாங்குகிறது? இங்கும் தாங்குமா?

வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கடற்கரைச் சாலையில் கார்ட்டன் ஸ்டீல் வேண்டாம். உப்புத் தண்ணீர் யோசனையை எந்த ஊரிலும் ஏற்காதீர்கள்.

சாதாரண இரும்பின் துரு பொலபொலவென்று இருக்கும். நீரையும் காற்றையும் உள்ளே விடும், செதில் செதிலாக உதிரும், அடியில் தெரியும் புது இரும்பும் துருப்பிடிக்கும். கார்ட்டன் ஸ்டீலில் செம்பு, குரோமியம், நிக்கல், சில ரகங்களில் பாஸ்பரஸ் ஆகியவை சிறிதளவு கலந்திருக்கும். செம்பு கால் சதவீதத்திலிருந்து அரை சதவீதம்தான். அந்தச் சிறு கலப்பால் துருப்படலம் நெருக்கமாக, இரும்பைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு வளர்கிறது. அதன் பிறகும் அரிப்பு நடக்கிறது, ஆனால் வெகு மெதுவாக. படலம் அப்படி இறுக ஒரு நிபந்தனை உண்டு. மேற்பரப்பு நனைய வேண்டும், முழுதாகக் காய வேண்டும், மறுபடி நனைய வேண்டும். காயாத இடத்தில் கார்ட்டன் ஸ்டீலுக்கும் சாதாரண இரும்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1930-களில் இதை விற்கத் தொடங்கியது நிலக்கரி ரயில் வேகன்களுக்காக. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018 வரை செய்த பழைய வகை ரயில் பெட்டிகளின் உடலும் இந்த வகை எஃகுதான், பெயின்ட் அடித்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பெயின்ட் இல்லாமல் கட்டடத்தில் விடத் துணிந்தவர் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென். இல்லினாய் மாநிலம் மொலீனில் அவர் வடிவமைத்த ஜான் டியர் டிராக்டர் நிறுவனத் தலைமையகம் 1964-இல் திறக்கப்பட்டது. நீங்கள் பார்த்த பிக்காசோ 1967-இல் வந்தது. பின்னால் நிற்கும் நீதிமன்றக் கோபுரமும் அதே எஃகு. சிற்பம் சுமார் 15 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 147 மெட்ரிக் டன் எடை. கேரி நகரப் பட்டறையில் ஒருமுறை முழுதாகப் பொருத்திப் பார்த்து, பிரித்துக் கொண்டுவந்து, பிளாசாவில் மறுபடி பொருத்தினார்கள். சிகாகோ பெரிய நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர்தான். ஆனால் மிச்சிகன் ஏரி நன்னீர் ஏரி, அங்கே காற்றில் கடல் உப்பு இல்லை.

உப்பு இரண்டு வேலை செய்யும். துருப்படலத்தை இறுக விடாமல் தளர்வாகவே வைத்திருக்கும். காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே பெய்யாவிட்டாலும் இரவு முழுக்க மேற்பரப்பு ஈரமாக இருக்கும். ஹொனலூலுவில் 1975-இல் திறந்த அலோஹா ஸ்டேடியத்தை இந்த எஃகில்தான் கட்டினார்கள். கடற்காற்றில் துரு நிற்கவேயில்லை, பழுதுபார்த்தே பெரும் பணம் போயிற்று. அட்லாண்டாவில் கடலே இல்லை, ஆனாலும் 1972-இல் திறந்த ஆம்னி அரங்கின் சுவர்கள் அந்த ஊரின் புழுக்கத்தில் ஓட்டை விழும் அளவுக்கு அரித்தன. 1997-இல் அரங்கையே இடித்துவிட்டார்கள். உங்கள் ஊரில் கடற்காற்றோடு உப்பளமும் சேர்ந்துகொள்கிறது. மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும், மற்ற மாதங்களில் படிந்த உப்பைக் கழுவ எதுவும் இல்லை. மழை படாத அடிப்பக்கமும் உட்புற மடிப்பும்தான் முதலில் கெடும். பாய்மர வடிவில் அவை நிறைய வரும்.

பராமரிப்பு வேண்டாம் என்ற பேச்சும் பாதிதான் சரி. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் 'வடக்கின் தேவதை' என்ற கார்ட்டன் ஸ்டீல் சிற்பம் 1998-இலிருந்து நிற்கிறது. 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை விரிப்பு, 200 டன் எடை. மணிக்கு 160 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டும் என்பதால் அடியில் 600 டன் கான்கிரீட், பூமிக்குள் 20 மீட்டர் இறங்கும் பைல்கள், சிற்பத்தைப் பிடித்திருக்க 3 மீட்டர் நீளத்தில் 52 போல்ட்டுகள். உள்ளே இறங்கிச் சோதிக்கத் தோள்பட்டையில் ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடிக்காத சிற்பத்துக்குள்ளும் ஆள் இறங்கிப் பார்க்க வழி தேவைப்படுகிறது.

ஊருக்கு உள்ளே, கடலிலிருந்து நன்றாகத் தள்ளி இடம் கிடைத்து அங்கே வைப்பதென்றால் இவற்றைக் கவனியுங்கள். பிரிட்டனில் 120 ஆண்டு ஆயுளுக்குக் கட்டும் பாலங்களில், வெளியே தெரியும் ஒவ்வொரு முகத்துக்கும் 1 முதல் 1.5 மி.மீ. வரை அரிப்புக்கென்று கூடுதல் தடிமன் வைப்பார்கள். இரு முகமும் வெளியே தெரிந்தால் 2 முதல் 3 மி.மீ. போய்விடும். 5 மி.மீ. பிளேட்டில் மிச்சம் என்ன இருக்கும் என்று பாருங்கள். 8 அல்லது 10 மி.மீ. கேளுங்கள்.

வெல்டிங்கை விட்டு விட்டு வைக்கக் கூடாது. இடைவெளியில் நீர் புகுந்து தங்கும், உள்ளே துரு பருத்துப் பிளேட்டையே நெம்பும். முழு நீளத்துக்கும் வைக்கச் சொல்லுங்கள். அடுக்கடுக்காக வைக்கும் வெல்டிங்கில் மேல் அடுக்குகளுக்காவது இந்த எஃகுக்கு ஏற்ற எலக்ட்ரோடு வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோடு மட்டும் வேறு நிறத்தில் தெரியும். போல்ட்டுகளும் அதே வகை எஃகாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய போல்ட்டைப் போட்டால் துத்தநாகம் முதலில் கரைந்துபோய்ப் பிறகு போல்ட்டே அரிக்கும். போல்ட்டுக்குப் போல்ட் இடைவெளி பிளேட் தடிமனின் 14 மடங்கைத் தாண்டக் கூடாது, எவ்வளவு தடிமனானாலும் 175 மி.மீ.தான் உச்சம். போல்ட்டிலிருந்து பிளேட் விளிம்புக்கு உள்ள தூரம் 8 மடங்கைத் தாண்டக் கூடாது, உச்சம் 125 மி.மீ.

அடிப்பாகத்தை மண்ணிலோ கான்கிரீட்டிலோ நேரடியாகப் புதைக்காதீர்கள். பீடத்தை உயர்த்தி, மேல்முகத்துக்குச் சரிவு கொடுத்து, பேஸ் பிளேட்டுக்கு எபாக்ஸி பூசுங்கள். முதல் சில ஆண்டுகள் மழைநீரோடு துருவும் வழியும். வெளிர் கிரானைட்டோ டைல்ஸோ சுற்றிப் பதித்திருந்தால் அந்தக் கறை லேசில் போகாது. ஜல்லி பரப்பி, நீர் ஓட வடிகால் கொடுத்துவிடுங்கள்.

நிறம் சீராக வர, ஆலையிலிருந்தே பிளேட்டின் மேல் ஒட்டி வரும் கருஞ்செதிலை மணல் வீச்சால் முதலில் நீக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சாக்பீஸ் குறியும் இருந்தால் அந்த அடையாளம் பல மாதம் தெரியும். பிறகு நல்ல தண்ணீரைத் தெளித்துக் காயவிட்டு, மறுபடி தெளித்துக் காயவிட வேண்டும். உப்பும் வினிகரும் ஒரு வாரத்தில் நிறம் தரும், உண்மைதான். படலத்துக்கு அடியில் சிக்கிய உப்பு அங்கேயே இருந்து அரிக்கும். கடலில்லாத ஊருக்கும் கடலைக் கொண்டுவந்து வைப்பது போலத்தான் அது. மேலே கிளியர் லாக்கர் அடிப்பதும் வேண்டாம். அது உரியத் தொடங்கினால் பெயின்ட்டைவிடப் பெரிய தொல்லை.

ரவுண்டானாவில்தான் வைக்க வேண்டுமென்றால் கருங்கல்லோ 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ எடுங்கள். நான் கருங்கல்லைச் சொல்வேன். கடல் நடுவே நிற்கும் கன்னியாகுமரி வள்ளுவர் சிலைக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக்கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள், ஆனால் அது கல்லால் தாங்கக்கூடிய வேலை. ஸ்டெயின்லெஸ் என்றால் 304 ரகம் போதாது, சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போலப் பழுப்பு படியும். 316 எல் ரகத்தையும் நன்றாக மெருகேற்றி, அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சாதாரண இரும்பை உரசிய கிரைண்டிங் சக்கரத்தை அதன் மேல் வைக்கவே கூடாது, ஒட்டும் இரும்புத் துகளிலிருந்து துருப்புள்ளிகள் வரும்.

எந்த எஃகை எடுத்தாலும் பிளேட்டின் ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கார்ட்டன் என்றால் ரயில்வேயின் ஐ.ஆர்.எஸ். எம்-41 அல்லது ஐ.எஸ். 11587 தரம் அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும், செம்பு, குரோமியம் அளவுகளும் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் சாதாரண இரும்புப் பிளேட்டும் (எம்.எஸ்.) கார்ட்டனும் ஒரே ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆர்டர் கொடுக்கும் முன் அதே பிளேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு துண்டு வெட்டி எடை போட்டு, இரண்டை மழை படும்படியும் இரண்டை மழை படாத நிழலிலும் அந்த ரவுண்டானாவிலேயே ஒரு வருஷம் தொங்கவிடுங்கள். எடுத்து, துருவைச் சுத்தமாக நீக்கி, மறுபடி எடை போட்டுச் சங்கத்துக்குக் காட்டுங்கள்.

அன்புடன்.