பொதிகை மலை முதல் செம்மணல் தேரி வரை: நீரையும் மண்ணையும் காக்கும் காவல் காடுகள் பற்றி உங்கள் கேள்விகள்

காடு இருந்தால்தான் மழை என்கிறார்கள். பொதிகையில் காடு அழிந்தால் தாமிரபரணிக்கு மழையே வராதா? (அம்பாசமுத்திரம்)

மழையைக் கொண்டுவருவது முதலில் மலைதான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று பொதிகையின் 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து கொட்டுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இந்த மலைக்கு உண்டு.

காட்டின் பெரிய வேலை மழை விழுந்த பிறகு தொடங்குகிறது. இலைகள் துளியின் வேகத்தைக் குறைக்கும், தரையில் கிடக்கும் சருகும் மட்கும் அதை உறிஞ்சும், வேர் போன வழியே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். அது ஊற்றாகக் கசிந்து வெளியே வர வாரங்கள் ஆகும், சில இடங்களில் மாதங்கள்கூட. மழை நின்ற பிறகும் ஓடைகளில் நீர் ஓடுவது அதனால்தான். உச்சியில் இருக்கும் புல்வெளிக்கும் இதில் பங்கு உண்டு. அதை வெறும் பொட்டல் என்று நினைத்து மரம் நட்டு மூடிவிடக் கூடாது.

காடு போனாலும் மழை பெய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் சீக்கிரமே மண்ணை அரித்துக்கொண்டு இறங்கி, காரையாறு அணையில் வண்டலாகப் படியும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் வேண்டிய தண்ணீர் அணையில் மட்டும் இல்லை, மலையின் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

அப்படியென்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தைக் காடு ஏன் தடுக்கவில்லை? (ஸ்ரீவைகுண்டம்)

வெள்ளத்தில் வீட்டையும் வயலையும் இழந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். காட்டு மண்ணுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சாதாரண மழையையும் நடுத்தர மழையையும் அது தாங்கும். மண் முழுக்க நனைந்துவிட்டால் அதற்கு மேல் விழுவதெல்லாம் ஓடத்தான் செய்யும். அந்த முறை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. மலையிலும் கனமழை; ஆனால் சமவெளியில் விழுந்த மழையை மலைக்காடு எப்படித் தடுக்கும்? அங்கே அது குளங்களின் வேலை. கரை பலமாக இருக்க வேண்டும், குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் போக வழி இருக்க வேண்டும். காட்டைக் காட்டிக் குளத்தை மறக்கக் கூடாது.

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எல்லாம் ஒன்றா? (கடையம்)

இல்லை. காப்புக்காடு என்பது வனச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட நிலம். சரணாலயம் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருவது. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்.

எங்கள் தோட்டம் தேரியை ஒட்டி இருக்கிறது. ஆடிக் காற்றில் மணல் ஏறிவிடுகிறது. என்ன மரம் வைக்கலாம்? (திசையன்விளை)

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்டு வேகமாக உங்கள் பக்கம் வீசுகிறது. சுவர்போல அடர்த்தியாக அடைக்காதீர்கள். காற்று மேலே எழும்பி அந்தப் பக்கம் சுழன்று விழும். கொஞ்சம் காற்று ஊடுருவும்படி, வீசும் திசைக்குக் குறுக்கே இரண்டு மூன்று வரிசை போதும். மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் நல்ல பாதுகாப்பு கிடைக்கும்.

பனையும் உடை மரமும் நம் மண்ணுக்கே உரியவை. பனை உயர்ந்து நிற்கும், ஆனால் அடியில் வெறும் தண்டுதான். குடையாக விரியும் உடை அந்த இடைவெளியை அடைக்கும். உடை நெற்றைத் தின்ன ஆடு வரும் என்பதால் கன்றுக்கு முதல் சில வருஷம் வேலி வேண்டும். பனங்கொட்டையை மழைக்கு முன்னால் நேரடியாகவே ஊன்றிவிடலாம். உடைக் கன்றை ஐப்பசி மழையில் நடுங்கள். அப்புறம், தானாக முளைத்த புல்லையும் கொடியையும் சுத்தம் செய்கிறேன் என்று வழித்துவிடாதீர்கள். மணலை முதலில் பிடிப்பது அவைதான்.

மற்ற நாடுகளில் இப்படிக் 'காவல் காடு' என்று தனியாக உண்டா? (புன்னைக்காயல்)

ஜப்பானில் உண்டு. 1897-லேயே அதற்குச் சட்டம் போட்டார்கள். இன்று அங்குள்ள காட்டில் ஏறத்தாழ பாதி இந்த வகையில் வருகிறது. நீர் சேர்க்க, மலைச்சரிவைப் பிடிக்க, மணலைத் தடுக்க என 17 வகை. அதில் ஒன்று, கரையோர மீன்வளத்துக்காகவே காக்கப்படும் காடு. உங்கள் ஊர்க் கழிமுகத்தில் நிற்கும் அலையாத்தி அந்த வேலையைத்தான் செய்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதன் வேருக்குள் ஒதுங்கி வளர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. மேலே பொதிகையிலிருந்து நல்ல தண்ணீர் வந்து சேரும்வரை அதுவும் தழைக்கும்.