சோறு, காற்று, காட்சி

கேள்வி: குர்ஜீப் என்பவர் காற்றையும் காட்சிகளையும்கூட உணவு என்றாராமே? நண்பர் ஒருவர் இதையே விடாமல் பேசுகிறார். இது என்ன கதை?

பதில்: கதையல்ல, அவருடைய போதனையின் அடிப்படைகளில் ஒன்று. இன்றைய ஆர்மீனியாவின் கியூம்ரியில் பிறந்த ஆன்மிக ஆசான் குர்ஜீப், மனிதனுக்கு மூன்று உணவு என்றார்: சாப்பாடு, மூச்சுக்காற்று, புலன்வழி வந்து சேரும் பதிவுகள். சோறில்லாமல் சில வாரங்கள், காற்றில்லாமல் சில நிமிடங்கள் தாங்கலாம். பதிவுகள் நின்றால் அந்தக் கணமே உயிர் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

மனிதர்களையும் வகை பிரித்தார். முதலாம் எண்காரர் உடலால் வாழ்பவர், இரண்டாமவர் உணர்ச்சியால், மூன்றாமவர் அறிவால். மூவருமே தன்னைப் பற்றிய நினைவில்லாத தூங்குமூஞ்சிகள்தாம்! சோறு தானாகச் செரிக்கும். கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் முழுதாகச் செரிக்க, அந்த நேரத்தில் தன்னைப் பற்றிய நினைவும் கூடவே இருக்க வேண்டுமாம்.

1922-இல் பாரிசுக்கு அருகே ஃபோந்தேன்புளோவை ஒட்டி அவர் தன் பள்ளியை நடத்தத் தொடங்கினார். காசநோயோடு அங்கே வந்த எழுத்தாளர் காதரின் மான்ஸ்ஃபீல்டை மாட்டுத் தொழுவத்தின் மேலிருந்த பரணில் படுக்க வைத்தார்கள். மாடுகளின் மூச்சு நல்லதாம். 1923 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். ஆகவே நண்பர் இதை மருத்துவம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கவனப் பயிற்சி என்றால் எனக்கும் மரியாதை உண்டு. நேற்று செய்தித்தாளில் மூழ்கியபடி நான்கு இட்லி சாப்பிட்டேன். சட்னியில் காரம் சரியா என்று மனைவி கேட்டார். சட்னி இருந்ததே நினைவில்லை. தலைப்புச் செய்தியும்தான்.