கராஜ் இல்லை, மர ட்ரெய்லர் இருக்கிறது: வாசகர் கேள்வி-பதில்

மரத்தால் செய்த சின்னக் கேம்பிங் ட்ரெய்லர் பற்றி இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வாங்கியவர்கள் சிலர், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கியவர்கள் சிலர். ஒருவர் வீட்டிலும் கராஜ் இல்லை. மலையில் வீடு கட்டவே சமதரை கிடைப்பதில்லை, இதில் கராஜுக்கு எங்கே போவது? வெளியே நிற்கிற ட்ரெய்லரை மழை வெயிலிலிருந்து எப்படிக் காப்பது என்பதுதான் பலருடைய கவலை. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மகன் ஒரு தச்சு பாஸைப் பிடித்து எட்டடி நீளத்தில் பிளைவூட் ட்ரெய்லர் செய்வித்தார். முற்றத்துப் புல்லில் நிறுத்தி, நீலத் தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினோம். ஒரு சொட்டு மழை படவில்லை. ஆனாலும் கீழ் மூலைகளில் கறுப்புப் புள்ளி, உள்ளே பூஞ்சண வாடை. எப்படி ஐயா? (ஹட்டன்)

பதில்: இறுக்கிக் கட்டியதுதான் வினை. புல் தரையிலிருந்து எழும் ஈரமும் பலகையில் ஏற்கெனவே இருந்த ஈரமும் பகல் சூட்டில் ஆவியாகும். தறப்பாள் அதை வெளியே விடாது. இரவு குளிர்ந்ததும் அந்த ஆவி தறப்பாளின் உட்பக்கத்தில் நீராகப் பிடித்துப் பலகை மேலேயே சொட்டும். விடியற்காலையில் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவைத்துப் பாருங்கள், உள்ளங்கை நனையும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அது போதும். பிளைவூட்டில் அதிகம் நீர் குடிப்பது அறுத்த ஓரம். சொட்டிய நீரெல்லாம் வழிந்து போய்ச் சேருவதும் அங்கேதான். கீழ் மூலை முதலில் கறுத்தது அதனால்தான்.

முதலில் தறப்பாளைக் கழற்றுங்கள். வெயில் நாளில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுக் காயவிடுங்கள். கறுத்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்துங்கள். உறுதியாக நின்றால் மேற்பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்தபின் எபொக்சிப் பிசின் பூசி, அதன்மேல் வெயில் தாங்கும் வார்னிஷ் அடிக்கலாம். எபொக்சியோடு நிறுத்திவிடாதீர்கள், வெயிலில் அது கெட்டுவிடும். நுனி மெதுமெதுவென்று உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைக்கவேண்டியதுதான்.

அப்புறம், வீட்டுச் சுவரோடு ஒரு பத்தி, அதாவது சாய்ப்புக் கூரை, இறக்குங்கள். ஜீஐ குழாய்த் தூண், மேலே தகரம், போதும். கூரை ட்ரெய்லரை விட எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டடி வெளியே நீளட்டும். தூணின் அடியை இரண்டடி ஆழத்தில் கொங்கிரீட்டில் நிறுத்துங்கள். பக்கங்களை மூடவேண்டாம். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழைதான் சாய்ந்தடிக்கும். வீட்டுச் சுவர் அந்தத் திசையை மறைத்தால் பாதிக் கவலை விட்டது. மறைக்காவிட்டால், அந்தப் பக்கம் மட்டும் மரக்கறித் தோட்டக் கூடாரங்களுக்குப் போடுகிற 200 மைக்ரோன் தடிப்பான பொலித்தீனைத் தொங்கவிடுங்கள், மேலேயும் கீழேயும் ஒரு சாண் இடைவெளியோடு. வெலிமடை, பண்டாரவளைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, வடகிழக்கைப் பார்த்து மறையுங்கள்.

தரையில் நாலு அங்குலம் சல்லி பரப்பி, சக்கரம் நிற்கும் இடத்தில் கொங்கிரீட் கல் வையுங்கள். சுவருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே ஓர் ஆள் துடைத்துக்கொண்டே நடக்கிற அளவு இடம் வேண்டும். தேயிலைத் தோட்டக் காணியாக இருந்தால் தூண் நடுவதற்கு முன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிவிட்டுப் பிரிக்கச் சொன்ன பிறகு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: பெரிய சவுக்கு மரத்தடியில் நிறுத்தலாமா? கூரைச் செலவு மிச்சமாகுமே. (வெலிமடை)

பதில்: வேண்டாம். மழை விட்டும் தூவானம் விடாத இடம் மரத்தடி. கிளை விழுந்தால் அது வேறு செலவு.

கேள்வி: மடித்து விரிக்கிற கூடாரம் ஒன்றை வாங்கி ட்ரெய்லருக்கு மேல் போட்டேன். முதல் வாரமே காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தேயிலையில் போட்டது. கால் இரண்டு வளைந்துவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார் என்கிறார். பில் வாங்கவில்லை, பெட்டியையும் எரித்துவிட்டேன். (ஹப்புத்தளை)

பதில்: ஹப்புத்தளையில் இருந்துகொண்டு ஆனி, ஆடிக் காற்று தெரியாது என்று சொன்னால் யார் நம்புவது? அந்தக் கூடாரம் சந்தையில் ஒருநாள் நிழலுக்குச் செய்த சாமான். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நானும் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் மூட்டெல்லாம் சீக்கிரமே வெடித்தது, குழாய்களில் இப்போது போஞ்சிக் கொடி ஏறுகிறது.

கேட்டால் கடைக்காரர் பில் தந்தே ஆகவேண்டும். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் கேட்கவில்லை. பெட்டியில் ‘எல்லாக் காலநிலைக்கும் ஏற்றது’ என்று அச்சடித்திருந்தால் அதுவே நல்ல சாட்சியாக இருந்திருக்கும். அதையும் அடுப்பில் போட்டுவிட்டீர்கள். இனி நான் என்ன செய்ய?

கேள்வி: பத்தி போட இன்னும் காசு சேரவில்லை. அதுவரைக்கும் தறப்பாள்தான். ஒரே அளவு தறப்பாளுக்குக் கடைக்குக் கடை இரண்டு மடங்கு விலை வித்தியாசம் சொல்கிறார்கள். எதை வாங்குவது? (நுவரெலியா)

பதில்: கேட்டீர்களே, இதைத்தான் எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் தறப்பாளை நிறம் பார்த்தும் நீள அகலம் கேட்டும் வாங்குகிறோம். எடையை யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. நிறத்துக்கும் பலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு சதுர மீற்றர் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு, அதைத்தான் ஜீஎஸ்எம் என்பார்கள். 12க்கு 15 அடித் தறப்பாள் ஏறக்குறைய 16.7 சதுர மீற்றர். 90 ஜீஎஸ்எம் என்றால் அது ஒன்றரைக் கிலோ நிறுக்கும். 200 ஜீஎஸ்எம் என்றால் 3 கிலோ 300 கிராமுக்கு மேல். ஆகவே பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்து உருளைக்கிழங்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. உறையில் எழுதியிருப்பது ஓரம் மடித்துத் தைப்பதற்கு முந்திய அளவு. விரித்து அளந்தால் நீளத்திலும் அகலத்திலும் சில அங்குலம் குறையும். நாடா கொண்டுபோய் அளந்தபிறகு காசை எடுங்கள். கயிறு கோக்கும் வளையத்தையும் விரலால் இழுத்துப் பாருங்கள். மெல்லிய அலுமினிய வளையமும், அதற்குப் பின்னால் ஒற்றை மடிப்பும் என்றால் முதல் காற்றிலேயே வளையம் பிய்ந்து கயிறோடு போகும், தறப்பாள் தனியாகப் பறக்கும்.

மூன்றாவது வெயில். குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்கிறோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்து அளவில் கூடும், நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றரில் இருக்கிறது. புறஊதாக் கதிர் தாங்கும் பூச்சு இல்லாத தறப்பாள் இங்கே வெகுசீக்கிரம் நொறுங்கும். நான் மலிவாக வாங்கிய ஒன்று செதில் செதிலாக உதிர்ந்து கரட் பாத்தி முழுக்க நீலமாகிவிட்டது. மண்ணிலிருந்து பொறுக்கி முடியவில்லை, இன்னமும் கரட் பிடுங்கும்போது ஒட்டிக்கொண்டு வருகிறது.

வாங்கிய தறப்பாளை ட்ரெய்லர் மேல் போர்த்தாதீர்கள். காற்றில் படபடத்து உப்புத்தாள் போல வார்னிஷைத் தேய்த்துவிடும். மேலே ஒரு குழாயையோ மூங்கிலையோ நீளவாட்டில் கட்டி, இரண்டு பக்கமும் சாய்வாக இறக்கி, பலகைக்கும் தறப்பாளுக்கும் நடுவே ஓரடி இடைவெளி விடுங்கள். முன்னும் பின்னும் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். முகநூலில் பார்த்து, ட்ரெய்லருக்கு அளவெடுத்துத் தைக்கிற கன்வஸ் உறைக்கு 45,000 ரூபா வங்கியில் போட்டேன். ‘நாளைக்கு அனுப்புகிறோம்’ என்று மூன்று வாரம் சொன்னார்கள். இப்போது இலக்கம் வேலை செய்யவில்லை, பக்கத்தையும் காணோம். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (பதுளை)

பதில்: டீச்சர், வெட்கப்படவேண்டியது வாங்கிக்கொண்டு ஓடியவர்கள். முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இதற்கெல்லாம் கூட ஓர் ஆள் வேண்டும். இன்றைக்கே வங்கிக்குப் போய்ப் பணம் போட்ட சீட்டைக் காட்டி, மோசடி என்று எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதி கேளுங்கள். தொலைபேசியில் இருக்கும் பேச்சு, படம் ஒன்றையும் அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் படம் பிடித்து அச்செடுங்கள். காசு போன கணக்கு இலக்கம் உங்கள் கையில் இருக்கிறது. பக்கம் மறைந்தாலும் கணக்குக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், பொலிசுக்கு அதுதான் நூல் நுனி. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ‘இது சின்னத் தொகை’ என்று யாராவது தட்டிக்கழித்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

விற்றவர் இன்ன கடை என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதலாம். தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும். காசு திரும்ப வரும் என்று பொய் நம்பிக்கை தரமாட்டேன். கடிதம் எழுதத் தடுமாறினால் விபரங்களை அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். உறை வந்திருந்தாலும் தனி உறை இந்த மழைக்குப் போதாது. அந்த மட்டில் நீங்கள் ஒன்றையும் இழக்கவில்லை.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மண் திட்டை ஆறடி வெட்டி உள்ளே தள்ளி நிறுத்தினால் மழையும் காற்றும் படாது. எப்படி யோசனை? (தலவாக்கலை)

பதில்: மிக மோசமான யோசனை. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த நாம் சரிவின் அடியில் கைவைப்பதா? வெட்டும் எண்ணம் இருந்தால் முதலில் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் அதிகாரி வந்து பார்க்கட்டும்.

கேள்வி: பழைய மர ட்ரெய்லர் ஒன்று விலைக்கு வந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது. ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என்னென்ன பார்க்கவேண்டும்? (பண்டாரவளை)

பதில்: தம்பி, பார்த்துவிட்டுக் கொடுப்பதா, கொடுத்துவிட்டுப் பார்ப்பதா? விற்பதற்கு முதல்நாள் அடித்த பெயின்ட் எதையோ மறைக்கத்தான். சரி, போய்க் கதவை அரைமணி நேரம் மூடிவைத்துத் திறந்து மோந்து பாருங்கள். மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைத் தட்டுங்கள், உளுத்த பலகை மந்தமாகச் சத்தம் தரும். கூரையும் சுவரும் சேரும் மூட்டில் புதுச் சிலிக்கன் அப்பியிருந்தால் அங்கே ஒழுகியிருக்கிறது. கீழே படுத்து அடிச்சட்டம் பாருங்கள். பதிவுப் புத்தகம் விற்கிறவர் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஒன்று பிசகினாலும் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் ஏதாவது வாங்கினீர்களா? வாங்கியிருக்கமாட்டீர்கள்.

கேள்வி: மழை மாதங்களில் ஓட்டமாட்டோம். சக்கரம், மெத்தை எல்லாம் என்ன செய்வது? (மஸ்கெலியா)

பதில்: மெத்தையையும் திரைச்சீலையையும் வீட்டுக்குள் கொண்டுபோங்கள். காற்றோட்டத் துவாரங்களைத் திறந்துவிட்டு, எலி புகாமல் கம்பிவலை அடியுங்கள். அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து டயரின் பாரத்தைக் குறையுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள், இழுத்தபடியே விட்டால் துருவேறி ஒட்டிக்கொள்ளும். மூக்குப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கூரையில் நீர் தேங்காது.

கேள்வி: கடைக்காரர் ‘மரீன் பிளைவூட்’ என்று தருகிறார். நம்பலாமா? (நோர்வூட்)

பதில்: மரீன் என்றால் நீர் தாங்கும் பசையால் ஒட்டிய பலகை. அதில் பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரையையும் அப்படியே நம்பிவிடாமல் ஒரு துண்டை வெட்டி வாங்கி, சட்டியில் சில மணி நேரம் கொதிக்கவிட்டுக் காயவையுங்கள். அடுக்கு பிரியாவிட்டால் பசை நல்லது, மிச்சப் பலகையை வாங்கலாம். பில்லில் ‘மரீன்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை.