ஆடிப் பட்டத்துக்கு முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டக் கேள்விகளும் பதில்களும்

ஆனி முடியப்போகிறது. விதைப்புக்கு முன் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பென்னாகரம்): அம்மா, எங்கள் வீட்டில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் தினமும் பல குடம் வீணாகிறது. செடிகளுக்கு ஊற்றலாமா?

நம் மாவட்டத்தில் மிகுந்த கவனத்தோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஏற்றதல்ல. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கே முதன்மைக் காரணம் அதுதான். இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, பிரித்து வெளியே தள்ளுகிறது. ஆகவே கழிவாக வரும் தண்ணீரில், உள்ளே போன தண்ணீரைவிட உப்பும் புளோரைடும் அதிகம்.

அதைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். தொட்டி மண்ணில் உப்பு வெளியேற வழியின்றித் தங்கிவிடும். தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவது அதன் அடையாளம். கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம், நாம் உண்பது இலையை அல்லவா? அவரை, பீன்ஸ், எலுமிச்சை ஆகியவையும் உப்பைத் தாங்காதவை. தரையில் நிற்கும் தென்னைக்கு விடலாம், அதுவும் இடையிடையே நல்ல தண்ணீர் பாய்ச்சினால்தான். மிச்சத்தை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடு அல்லது மாடியிலிருந்து விழும் மழைநீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால், தொட்டிச் செடிகளுக்கு அதைவிட நல்ல தண்ணீர் நம் ஊரில் கிடைக்காது.

கேள்வி (அரூர்): கறிவேப்பிலையின் கொழுந்து மட்டும் மஞ்சளாகிறது, நரம்பு பச்சையாக இருக்கிறது. உரம் போதவில்லையா?

உரக் குறைவு அல்ல, இரும்புச்சத்துக் குறைவு. உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் சேர்ந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். தெளித்த இலையைச் சில நாட்கள் பறிக்க வேண்டாம்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): அக்கா, வீட்டு முன் நிற்கும் பெங்களூரா மாமரத்தில் பழத்தை அறுத்தால் புழு. மருந்து அடிக்கலாமா?

இப்போது அடித்துப் பயனில்லை. பழ ஈ முற்றிய காயின் தோலைத் துளைத்து முட்டை வைக்கிறது. புழு உள்ளே வளர்ந்து, விழுந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. உதிரும் பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டினால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் எறும்பாலும் அழியும். அடுத்த ஆண்டு காய் முற்றத் தொடங்கும் முன்பே மெத்தில் யூஜினால் பொறியைக் கட்டுங்கள். அதன் வாசனை ஆண் ஈக்களை இழுத்துப் பிடிக்கும்.

காய் பறித்து முடித்ததும் ஆடி, ஆவணிக்குள் காய்ந்த கிளைகளையும் உட்புறம் நெருக்கும் குச்சிகளையும் வெட்டிவிடுங்கள். கார்த்திகையிலிருந்து பூ வரும்வரை தண்ணீர் விடாதீர்கள். அந்த வாட்டம்தான் மரத்தைப் பூக்க வைக்கிறது. பிஞ்சு பட்டாணி அளவு ஆனபின் பாய்ச்சத் தொடங்கலாம். அல்போன்சா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும், பெங்களூரா ஆண்டுதோறும் காய்க்கும். சாறு ஆலைக்காரர்கள் அதை விரும்பக் காரணங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி (தருமபுரி): ஓசூரில் தங்கை வீட்டு முட்டைக்கோஸ் நன்றாகத் தலை கட்டுகிறது. அதே நாற்றைப் பங்குனியில் நட்டேன், இங்கே இலை மட்டும்தான்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி. உங்கள் பங்குனி வெயிலில் கோஸ் தலை கட்டாது. புரட்டாசியில் நாற்று விட்டு ஐப்பசியில் நடுங்கள், தையில் பறிக்கலாம். கேரட், பீட்ரூட்டையும் ஐப்பசிக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): தக்காளி பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது.

சித்திரைச் சூடு. இரவும் வெக்கையாக இருந்தால் பிஞ்சு பிடிக்காது. ஆடியில் விதைத்து நாற்றைப் பிடுங்கி நடுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): ஒரே ஒரு பந்தலுக்குத்தான் இடம். எதை வைக்கலாம், அம்மா?

அவரை. வேறு யோசனையே வேண்டாம். கேழ்வரகு வயலில் ஊடே அவரை போட்ட ஊர் நம்முடையது. ஆடியில் குழிக்கு மூன்று விதை ஊன்றி, வலுவான இரண்டை மட்டும் விடுங்கள். நன்கு மக்கிய எரு போதும். யூரியா போட்டால் கொடி இலையாகவே ஓடும். புரட்டாசி வரை பூவைக் காணோமே என்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் பந்தலே தெரியாத அளவுக்குப் பூக்கும். கொழுந்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பினால் அந்த நுனியைக் கிள்ளி அழித்து, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள்.

அண்டை வீட்டில் மொச்சை விளைந்தால் கொஞ்சம் பச்சைக் கொட்டை கேட்டு வாங்குங்கள். இரவு ஊறவைத்து, காலையில் தோலைப் பிதுக்கி, அந்தப் பிதுக்கம்பருப்பில் குழம்பு வைத்து, சூடான கேழ்வரகுக் களியோடு உண்ணுங்கள். மார்கழிக் குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாட்டை நான் அறியேன். ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கும் உறைந்த பட்டாணிக்காக இதை இழக்கக் கூடாது.

கேள்வி (ஊத்தங்கரை): வீட்டுமனையில் பாதி செம்மண் சும்மா கிடக்கிறது. தண்ணீர் கிடையாது.

புரட்டாசி மழையில் கொள்ளு விதையுங்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பையூர் 2' ரகம் மூன்றரை மாதத்தில் வந்துவிடும். மழைக்குப் பின் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் களை என்று செத்தி எறியாதீர்கள். பூ எடுப்பதற்கு முன் இளசாகப் பறித்துக் கடையுங்கள். இரண்டொரு செடியை மட்டும் விதை உதிர விட்டுவைத்தால் அடுத்த மழைக்கும் முளைக்கும்.