சஃபாரி முகாமை மாற்றிவிட்டார்கள், பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்கள். நான், மனைவி, மகன், 67 வயதான என் அம்மா என்று நாலு பேர் ஆகஸ்ட் 9 முதல் ஒன்பது இரவு கென்யா சஃபாரி போவதற்கு 2025 ஜனவரியில் இங்குள்ள ஒரு பயண நிறுவனத்தில் பதிவு செய்தேன். விமான டிக்கெட்டும் சேர்த்து 14,800 பவுண்டு. முன்பணம் 1,200 பவுண்டை என் கிரெடிட் கார்டில் கட்டினேன், மீதியை பாங்க் டிரான்ஸ்ஃபர் செய்தேன். மசாய் மாராவுக்குள் ஆற்றங்கரைக் கூடார முகாமில் நாலு இரவு, நைரோபியிலிருந்து அங்கே சிறு விமானம் என்பது ஏற்பாடு. அம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால் நீண்ட ஜீப் பயணம் கூடாது என்று எழுதியிருந்தேன். ‘அதற்கேற்பவே திட்டமிட்டிருக்கிறோம்’ என்று பதில் வந்தது.

ஜூன் 24 அன்று ஒரு மின்னஞ்சல். முகாமில் இடத்துக்கு மேல் பதிவாகிவிட்டதாம். பூங்காவுக்கு வெளியே, வாயிலிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு லாட்ஜ் தருவார்களாம். விமானம் கிடையாது, சாலை வழிதான். பூங்காக் கட்டணம் ஏறியதால் இன்னும் 960 பவுண்டு வேண்டுமாம். ஐந்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். வேண்டாமென்றால் ரத்துப் படிவம் நிரப்பவேண்டும், 60 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இதற்குள் என் மனைவி வாட்ஸ்அப்பில் அவர்களுக்குக் கட்டைவிரல் படம் போட்டுவிட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. அந்த ரத்துப் படிவத்தைத் தொடாதீர்கள். உங்கள் பணம் முழுவதும் அந்த ஒரு காகிதத்தில்தான் நிற்கிறது. அதை நிரப்பினால், ‘மனம் மாறி நானே ரத்து செய்கிறேன்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதற்குத்தான் 60 சதவீதப் பிடித்தம். அவர்கள் செய்த மாற்றத்தால் நீங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். அதற்கு ஒரு பென்னிகூடப் பிடிக்க முடியாது.

விமானமும் தங்குமிடமும் சேர்த்து ஒரே விலைக்கு வாங்கியிருப்பதால் உங்களுடையது ‘பேக்கேஜ்’. இதற்கென்று பிரிட்டனில் 2018 ஜூலை 1 முதல் தனி விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பயணத்தின் முக்கிய அம்சம் ஒன்றைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால், ஏற்பதா, கட்டணமில்லாமல் விலகுவதா என்பதைப் பயணிதான் முடிவு செய்வார். விலகினால் 14 நாளுக்குள் முழுப் பணமும் வந்தாகவேண்டும். தங்கும் இடமும், போய்ச் சேரும் வழியும் முக்கிய அம்சங்கள்தானா என்ற சந்தேகம் வேண்டாம். இரண்டுமே அந்த விதிகளின் பட்டியலில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் ‘தேவைப்பட்டால் மாற்றுவோம்’ என்ற வரியை நிறுவனம் காட்டக்கூடும். அந்த வரி சின்ன மாற்றங்களுக்கு மட்டுமே செல்லும். இது சின்ன மாற்றமா? மாராவின் வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். ஆற்றங்கரை முகாமில் இருப்பவர் அந்நேரம் டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினால், அடுத்த வளைவிலேயே சிங்கம் படுத்திருக்கலாம். வெளி லாட்ஜில் இருப்பவர் அதே நேரத்துக்கு வாயிலுக்கு வர நாலரைக்கே இருட்டில் கிளம்பவேண்டும், சாயங்காலம் அதே தூரம் திரும்பவும் வேண்டும். நாலு நாளில் பன்னிரண்டு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் முடியும் நைரோபிப் பயணத்துக்கும் ஐந்தாறு மணி நேரம் ஆகும். நீங்கள் வாங்கிய பயணம் இது இல்லை.

உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவானது அம்மாவின் முதுகைப் பற்றிய அந்தப் பதில் மின்னஞ்சல்தான் என்பேன். பயணி சொன்ன தனித் தேவையை நிறுவனம் ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தத்தின் பகுதி ஆகிவிடுகிறது. அதை நிறைவேற்ற முடியாமல் போவதே விலகுவதற்குத் தனிக் காரணம். முகாம் மாற்றத்தைப் பற்றி அவர்கள் எவ்வளவு வாதாடினாலும் இந்த ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் சொல்வது கடினம். அதை இன்றே அச்செடுத்து வையுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். விலங்குகளை யாரும் உத்தரவாதம் செய்ய முடியாது. ஆகஸ்டில் வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கவில்லை என்று வழக்குப் போட்டால் நிற்காது. ஆற்றங்கரை முகாம் என்பது அப்படியில்லை. அது விற்றவர் கொடுத்த வாக்கு.

அப்புறம் அந்த 960 பவுண்டு. மாராவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளுக்கு 200 டாலர் என்று உயர்ந்தது 2024 ஜூலையில். நீங்கள் பதிவு செய்தது 2025 ஜனவரியில். ஏற்கெனவே ஏறியிருந்த கட்டணத்தைத் தெரிந்துதான் விலை சொல்லியிருக்கிறார்கள், இப்போது ஏறியதாகக் கேட்க முடியாது. பதிவுக்குப் பிறகு விலை ஏற்ற, ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கவேண்டும், எரிபொருள், வரி, கட்டணம், நாணய மதிப்பு போன்ற காரணம் இருக்கவேண்டும், கணக்கையும் காட்டவேண்டும், கிளம்ப 20 நாள் இருக்கும்போதே சொல்லவும் வேண்டும். 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அதற்காகவே நீங்கள் விலகலாம். உங்கள் தொகைக்கு அந்த வரம்பு 1,184 பவுண்டு. 960 அதற்குள் அடங்குவதால் இதை மட்டும் காரணமாகக் காட்டாதீர்கள். கணக்கைக் கேளுங்கள், கட்டாதீர்கள்.

கட்டைவிரல் படத்துக்காக மனைவியைக் கோபிக்கவேண்டாம். ‘பார்த்தேன்’ என்பதற்கும் எல்லோரும் அதைத்தான் போடுகிறோம். ஆனாலும் நிறுவனம் அதைச் சம்மதமாகக் காட்டக்கூடும், அதனால் இன்றே மறுத்து எழுதவேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்பதும் செல்லாது. பயணி பேசாமல் இருந்தால் நிறுவனம் இரண்டாம் முறை அறிவிக்கவேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அதை நம்பி நீங்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இனி முடிவு உங்களுடையது. மகனின் விடுமுறை, அம்மாவின் ஆசை இதையெல்லாம் நினைத்துப் போகவே விரும்பினால், பூங்காவுக்குள் வேறு முகாமும் விமானமும் கேளுங்கள். தரம் குறைந்த ஏற்பாட்டை ஏற்பதாக இருந்தால் விலைக் குறைப்பு உங்கள் உரிமை, தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதியுங்கள். என்னைக் கேட்டால், இந்த முதுகோடு அம்மாவை அந்தச் சாலையில் கூட்டிப்போகாதீர்கள். உள்ளே இடம் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

இப்படி மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘ஜூன் 24 அன்று நீங்கள் அறிவித்த மாற்றங்களை நான் ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது சம்மதம் அல்ல. தங்குமிடமும் பயண வழியும் குறிப்பிடத்தக்க அளவில் மாறியுள்ளன. என் தாயாருக்காக நீங்கள் ஏற்றுக்கொண்ட தேவையும் நிறைவேறாது. பூங்காவுக்குள் இணையான முகாமும் விமானமும் ஏழு நாளில் உறுதி செய்யுங்கள். இல்லையெனில் 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி, கட்டணமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வேன். 14,800 பவுண்டையும் 14 நாளில் திருப்பித் தரவேண்டும். இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் தாலேக் ஆறு பெருகி மாராவின் முகாம்களுக்குள் வெள்ளம் புகுந்ததே, அப்படி நடந்திருந்தால் பணம் மட்டும்தான் திரும்பும், இழப்பீடு கிடையாது. இடத்துக்கு மேல் பதிவு செய்தது இயற்கைப் பேரிடர் அல்ல. ‘முகாம்காரர் செய்த தவறு’ என்றும் தப்பிக்க முடியாது, பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு சேவைக்கும் விற்ற நிறுவனமே பொறுப்பு. கெட்டுப்போன விடுமுறையின் ஏமாற்றத்துக்கும் ஆங்கிலேயச் சட்டம் பணம் தரும். 1970களின் தொடக்கத்தில் நடந்த ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் வழக்கை இங்கே சட்டம் படித்த எல்லோரும் அறிவோம். பார்க்கிங் (Barking) என்ற ஊரின் நகராட்சியில் வேலை பார்த்த சொலிசிட்டர் ஒருவர், கூட்டமும் கொண்டாட்டமும் இருக்கும் என்ற விளம்பரத்தை நம்பி சுவிட்சர்லாந்து போனார். இரண்டாம் வாரம் அந்த விடுதியில் அவர் ஒருவரே விருந்தாளி. பாட வந்தவர் வேலை உடையோடு வந்து அவசரமாக நாலு பாட்டுப் பாடிவிட்டுப் போனார். சுவிஸ் கேக்குக்குப் பதில் உருளைக்கிழங்கு சிப்ஸ். அவர் கட்டியது 63 பவுண்டு 45 பென்னி, மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்தது 125 பவுண்டு.

14 நாளில் பணம் வராவிட்டால் நேராக உங்கள் கார்ட் வங்கிக்குப் போங்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், ஒப்பந்த மீறலுக்கு வங்கியும் முழுப் பொறுப்பு. 1,200 பவுண்டுதானே கட்டினேன் என்று தயங்காதீர்கள். பதிவும் கார்டும் உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லது. தம்பி கார்ட், மச்சான் கார்ட் என்று கட்டியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கி மறுத்தாலோ எட்டு வாரம் இழுத்தடித்தாலோ நிதிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அங்கே கட்டணம் இல்லை. நீதிமன்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். செலவு குறைந்த எளிய வழக்கு முறையான சிறு கோரிக்கையின் வரம்பு 10,000 பவுண்டு, உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. கட்டணமே 5 சதவீதம், அதாவது 740 பவுண்டு. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

பயணக் காப்பீட்டில் இப்போது கோரிக்கை வைக்காதீர்கள், நிறுவனத்தின் பொறுப்பைக் காப்பீட்டாளர் ஏற்கமாட்டார். விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜ்களுக்கான ஏட்டால் (ATOL) பணப் பாதுகாப்புச் சான்றிதழ் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது நிறுவனம் திவாலானால் உதவும், இந்தத் தகராறுக்கு உதவாது.

அவர்கள் சொன்ன ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.