ப்ரோலாக்டின் 52 என்று வந்திருக்கிறது. மூளையில் கட்டி இருக்குமோ? உடனே எம்ஆர்ஐ எடுத்துவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 27, கல்யாணமாகி ஒன்றரை வருடம், வீடு புதுச்சேரியில். இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 52 நானோகிராம், பக்கத்தில் தடித்த எழுத்தில் 'எச்', அதாவது அளவு அதிகம். கூகுளைக் கேட்டால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்கிறது. குழந்தை பிறக்குமா என்ற பயம் வேறு.

நான் டாக்டர் இல்லை. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுப்பதும் மெஷினில் ஓட்டுவதும் என் வேலை. வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் 52 மாதிரி ஒரு எண் எப்படியெல்லாம் வரும் என்பதைத் தினமும் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

எம்ஆர்ஐக்கு முன்னால் உங்கள் கைப்பையைத் திறந்து பாருங்கள்.

இந்த டெஸ்டுக்கு வருகிற எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி, "வேற எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதுதான். "இல்லக்கா" என்று உடனே பதில் வரும். "கேஸ், நெஞ்செரிச்சலுக்கு?" என்று கேட்டால், "அது எப்பவும் காலையில ஒண்ணு போடுவேன்" என்பார்கள். கேஸ் மாத்திரையை நம் ஊரில் யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மெடிக்கலில் சொன்னால் கொடுத்துவிடுகிறார்கள், ஒருவர் வாங்கியதை வீடே சாப்பிடுகிறது. அந்த அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பாண்டப்ரசோல் அல்லது ராபெப்ரசோல் என்று மட்டும் இருந்தால் பெரிதாகக் கவலையில்லை. கூடவே டொம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு என்று இருந்தால் உங்கள் 52-க்கான காரணம் அதிலேயே இருக்கலாம்.

மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்கள் சுரக்க மூளை உத்தரவு போட வேண்டும். ப்ரோலாக்டின் விஷயம் தலைகீழ். பிட்யூட்டரி அதைச் சுரக்கத் தயாராகவே நிற்கும். மேலே மூளையிலிருந்து இறங்கி வரும் டோபமைன் என்ற ரசாயனம்தான் பிரேக் மாதிரி அழுத்திப் பிடித்திருக்கிறது. டொம்பெரிடோன், லெவோசல்பிரைடு, வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு எல்லாமே டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்துகள். பிட்யூட்டரியில் அந்த இடம் அடைபட்டால் பிரேக் விட்டுவிடும், எண் ஏறும். 50 என்ன, 100-ஐத் தாண்டியும் போகும். மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவையும் இதே கதைதான். ரிஸ்பெரிடோனில் 200-ஐத் தாண்டுவதும் உண்டு.

கேஸ் மாத்திரைதான் காரணம் என்று சந்தேகம் வந்தால், டாக்டரிடம் சொல்லி நிறுத்தி, குறைந்தது 3 நாள் கழித்து மறுபடி டெஸ்ட் எடுப்பது வழக்கம். மனநல மாத்திரையை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எண் இறங்கும், ஆனால் நோய் திரும்பி வந்து படுத்திவிடும். எழுதிக்கொடுத்த டாக்டரே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, பீரியட்ஸ் தள்ளிப்போய் ப்ரோலாக்டினும் ஏறியிருந்தால் முதலில் கர்ப்பமா என்று பார்த்தாக வேண்டும். கர்ப்பத்தில் இது மாதத்துக்கு மாதம் ஏறி, பிரசவ நேரத்தில் 200-ஐத் தாண்டும். அது உடம்பு பாலுக்குத் தயாராவது, நோய் இல்லை. யூரின் கார்டில் ஐந்து நிமிடத்தில் தெரிகிற விஷயத்தை விட்டுவிட்டு ஸ்கேன் வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தைராய்டு. அதற்கான டிஎஸ்எச் டெஸ்ட் பார்த்தீர்களா? எழுதவில்லையே. தைராய்டு குறைந்தால் அதைத் தூண்டுவதற்காக மூளை அனுப்பும் டிஆர்எச் என்ற ஹார்மோன் ப்ரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டிவிடும். அப்படி ஏறியது தைராய்டு மாத்திரையிலேயே இறங்கிவிடும். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கும் ஏறும், பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களில் சிலருக்கு லேசாக ஏறியிருக்கும்.

இனி என் பக்கத்து வேலை, அதாவது ரத்தம் எடுக்கும் நேரம். சுகர் டெஸ்ட் மாதிரி நினைத்து, எழுந்தவுடன் பல்கூட விளக்காமல் ஓடி வருகிறார்கள். ப்ரோலாக்டின் தூக்கத்தில் ஏறும் ஹார்மோன், விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். எழுந்து மூன்று மணி நேரமாவது ஆன பிறகு கொடுப்பது நல்லது. தேவனாம்பட்டினம் பீச்சில் ஓடிவிட்டு வியர்வையோடு அப்படியே கை நீட்டுகிறவர்களும் உண்டு. ஓட்டம், பதற்றம், தாம்பத்தியம், மார்புக் காம்பில் தூண்டல், ஊசியைப் பார்த்த பயம் எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொல்வேன், சிலருக்கு அதுவே கோபம். 52 எடுத்த அன்று நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அலகையும் பாருங்கள். சில லேப் நானோகிராமில் தரும், சில லேப் மில்லி யூனிட்டில் தரும். 1 நானோகிராம் என்றால் கிட்டத்தட்ட 21 மில்லி யூனிட். 500 என்று பார்த்து அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு நானோகிராம் கணக்கில் 24-க்குக் கீழேதான் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு சுமார் 25 வரையும், ஆண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இயல்பு அளவு என்று பெரும்பாலான லேப்கள் வைத்திருக்கின்றன.

ஆண்களுக்கும் இந்த டெஸ்டா என்று கேட்காதீர்கள். சீட்டோடு வரும் ஆணிடம் "வீட்டம்மாவுக்கா சார்?" என்று எங்கள் கவுண்டரிலேயே கேட்டுவிடுகிறார்கள், பாவம். ஆசை குறைவது, விறைப்புப் பிரச்சினை, குழந்தையின்மை எல்லாவற்றிலும் இதைப் பார்ப்பார்கள். இந்த ஹார்மோனுக்குப் பெயர் வந்ததே புறாக்களால்தான். குஞ்சுக்குப் புறா தொண்டைப்பையிலிருந்து பால் மாதிரி ஒன்றைக் கக்கி ஊட்டும், ஆண் புறாவும்தான். 1930களில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் அந்தத் தொண்டைப்பை தடிப்பதை வைத்துத்தான் இதை அளந்தார்கள்.

சரி, கட்டி விஷயத்துக்கு வருவோம். கர்ப்பம் இல்லை, மருந்து இல்லை, தைராய்டு சரி, நிதானமாக எடுத்த இரண்டாவது டெஸ்டிலும் ஏறியே இருக்கிறது என்றால் எம்ஆர்ஐ நியாயம். 200, 250-க்கு மேல் போனால் ப்ரோலாக்டினோமா என்ற கட்டிதான் பெரும்பாலும் காரணம். 52-இல் சின்னக் கட்டியும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மேக்ரோ ப்ரோலாக்டின் என்று ஒன்று உண்டு. ஹார்மோன் நம் உடம்பின் ஆன்டிபாடியோடு (நோய் எதிர்ப்புப் புரதத்தோடு) ஒட்டிக்கொண்டு ரத்தத்திலேயே தங்கிவிடும். மெஷின் அதையும் எண்ணிவிடும், உடம்பில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அறிகுறி இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் இதைத் தனியாகப் பார்க்கச் சொல்லலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எம்ஆர்ஐயில் பெரிய கட்டி, ரத்தத்தில் எண் சுமார்தான் என்றால் மாதிரியை 100 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தால் மெஷின் திணறிக் குறைத்துக் காட்டும். முடி கொட்டுவதற்காக அதிக அளவு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்களுக்கும் சில மெஷின்களில் பொய்யாகக் குறையும்.

குறைந்த எண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் வருத்தம். பிரசவத்தில் ஏகப்பட்ட ரத்தம் போய், அப்புறம் பாலே சுரக்காமல், பீரியட்ஸும் திரும்பாமல், எப்போதும் சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்கு பிட்யூட்டரியே ரத்த ஓட்டமில்லாமல் சேதமாகியிருக்கலாம். ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். "பால் வரல, உடம்புல சத்து இல்ல" என்று வீட்டில் முடித்துவிடுகிறார்கள்.

கட்டி என்றே தெரிந்தாலும் இது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் ஆபரேஷனும் வேண்டாம். கேபர்கோலின் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை தருவார்கள். டோபமைன் செய்யும் வேலையை அது செய்யும், எண்ணும் இறங்கும், கட்டியும் சுருங்கும். குமட்டல் வரும் என்பதால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்வார்கள். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்து, வண்டி ஓட்டும்போது ஓரத்தில் வருவது தெரியவில்லை என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

நீங்கள் புதுச்சேரியிலேயே இருக்கிறீர்கள், கோரிமேடு ஜிப்மரில் எண்டோகிரைனாலஜி, அதாவது ஹார்மோன் நோய்களுக்கான பிரிவு இருக்கிறது. எங்கள் கடலூர்க்காரர்கள் விடியற்காலை பஸ் பிடித்துப் போகிற இடம் அது. போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப்போங்கள், வாயால் பெயர் சொன்னால் தப்பாகிவிடும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். ப்ரோலாக்டின் ஏறியிருக்கும்போது கருமுட்டை வெளிவருவது தடைபடுகிறது. எண் இறங்கினால் பெரும்பாலானவர்களுக்கு அது திரும்ப ஆரம்பித்துவிடும், சில சமயம் முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே. அதனால் கேபர்கோலின் ஆரம்பித்தால், பீரியட்ஸ் இன்னும் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல் நடுவில் யூரின் டெஸ்ட் பார்த்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.